ஆதாரும் இல்லை, ஓட்டு அட்டையும் இல்லை: பந்தலூர்ப் பக்கம் ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்க என்ன வழி?

சேரங்கோட்டான் | 4 நவம்பர் 2024

வணக்கம். நீலகிரி மாவட்டம், பந்தலூர் தாலுகா, சேரங்கோடு ஊராட்சியில் ஒரு பணியர் பழங்குடிக் குடியிருப்பு. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு வங்கிக் கணக்கு வேண்டும். மூன்றும் மூன்று விதமான சிக்கல்.

அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். ஆதார் எடுத்ததே இல்லை. ஓட்டு அட்டை இருந்தது, கூரை ஒழுகி ஊறிப்போய்விட்டது. கைநாட்டு. பிறந்த தேதி தெரியாது.

மகன்: நூறு நாள் வேலை அட்டை கையில் இருக்கிறது. ஆதார் எடுத்திருக்கிறார், ஆனால் அட்டை தொலைந்துவிட்டது. எண் நினைவில்லை. அப்போது கொடுத்த போன் நம்பரும் இப்போது வேறு யாரிடமோ.

மருமகள்: வயநாட்டிலிருந்து கட்டி வந்தவர். கேரள முகவரியோடு வாக்காளர் அட்டை இருக்கிறது, வேறு எதுவும் இல்லை.

வங்கியில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "ஆதார் இல்லாம சிஸ்டமே எடுக்காது." இது உண்மையா? வி.ஏ.ஓ. கடிதம் வாங்கிப் போனால் நடக்குமா? மூவரில் யாருக்கு எதை முதலில் செய்வது?

---

பழைய லெட்ஜர் | 4 நவம்பர் 2024

"சிஸ்டம் எடுக்காது" என்பது பாதி உண்மை. இப்போது பெரும்பாலான கிளைகளில் டேப் (கையடக்கக் கணினி) வைத்து, ஆதார் எண்ணைப் போட்டு, விரல் வைத்துப் பத்து நிமிடத்தில் கணக்கு தொடங்குகிறார்கள். அந்த டேப்பில் ஆதார் இல்லாமல் அடுத்த பக்கமே திறக்காது. ஆனால் காகிதப் படிவம் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. அதை வைத்துக் கணினியில் நேரடியாக, வேறு திட்டக் குறியீட்டில் தொடங்கலாம். கவுன்ட்டரில் இருப்பவர் அந்தக் குறியீட்டை வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் போட்டிருக்கமாட்டார். அதனால் அவரோடு வாதாடிப் பயனில்லை. மேலாளரைப் பார்த்து, "ஸ்மால் அக்கவுண்ட்" என்று அதே பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "ஜன்தன்" என்று கேட்டால் மறுபடி டேப்புக்கே அனுப்புவார்கள்.

முதலில் எது செல்லும், எது செல்லாது என்று தெளிவாகிவிடட்டும். ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும்) விதியில் ஆறே ஆவணங்கள்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார் வைத்திருப்பதற்கான சான்று, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். இதில் ஏதாவது ஒன்று போதும். ஆதார்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. 2018 செப்டம்பர் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வங்கிக் கணக்குக்கு ஆதார் என்பது விருப்பம்தான். ஒரே விலக்கு, ஆதார் கட்டாயமாக்கப்பட்ட அரசு மானியத்தை அந்தக் கணக்கில் வாங்க நினைப்பவருக்கு. அவரிடம் கேட்கலாம்.

ரேஷன் கார்டு, ஆர்.டி.ஓ. தந்த பழங்குடிச் சான்றிதழ், வன உரிமைப் பட்டா, பான் கார்டு, இவை எதுவும் அந்த ஆறில் இல்லை. பான் தனி விஷயம். பான் இல்லாவிட்டால், பான் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை (2024-இல் படிவம் 60) எழுதிக் கொடுத்தால் போதும்.

இனி அந்த அம்மா. ஆறில் ஒன்றுமே இல்லாதவருக்காகத்தான் சிறு கணக்கு, அதாவது நான் சொன்ன "ஸ்மால் அக்கவுண்ட்". அடையாள ஆவணமும் கேட்கமாட்டார்கள், முகவரி ஆவணமும் கேட்கமாட்டார்கள். வேண்டியது அவருடைய புகைப்படம், அதில் அவரே இட்ட ஒப்பம், படிவத்தில் வங்கி அதிகாரியின் கண் முன்னால் வைத்த கைநாட்டு. "என் முன்னிலையில் வைத்தார்" என்று அந்த அதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வீட்டிலேயே விரலை அழுத்தி வாங்கிக்கொண்டு படிவத்தை மட்டும் வங்கிக்கு எடுத்துப் போனால் அது செல்லாது. ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் வைத்ததும் போதாது, அவர் வங்கி அதிகாரி இல்லை. அம்மா கிளைக்கு வர வேண்டும், அல்லது அதிகாரி முகாமுக்கு வர வேண்டும்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1,00,000 ரூபாய். எந்த நேரத்திலும் இருப்பு 50,000-க்கு மேல் போகக்கூடாது. ஒரு மாதத்தில் எடுப்பதும் அனுப்புவதும் சேர்த்து 10,000. அரசு உதவி, மானியம், அரசுக் கொள்முதல் பணம் வந்தால் அந்த 50,000 வரம்பைப் பார்க்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பணம் வரவு வைக்க முடியாது.

ஆயுள் 12 மாதம். அதற்குள் ஆறு ஆவணத்தில் ஏதாவது ஒன்றுக்கு விண்ணப்பித்த சான்றைக் காட்டினால் இன்னொரு 12 மாதம் நீட்டிப்பார்கள். ஆவணமே வந்துவிட்டால் எல்லைகள் இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றிவிடலாம். ஆக, கணக்கு தொடங்கும் அதே வாரத்தில் ஓட்டு அட்டை வேலையையும் தொடங்கிவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டால் சரியாகப் பணம் வர ஆரம்பிக்கிற நேரத்தில் கணக்கு முடங்கும்.

---

கோடைமழை | 4 நவம்பர் 2024

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லைங்க. கெஜட்டட் ஆபீசர் ஒருத்தர்கிட்ட போட்டோ ஒட்டின கடிதம் வாங்கிக் கொடுத்தா வங்கியில எடுத்துப்பாங்க. வி.ஏ.ஓ. கடிதமும் சேர்த்து வெச்சா போதும்.

---

பழைய லெட்ஜர் | 5 நவம்பர் 2024

அது பழைய விதி. ஆபத்துக் குறைவான வாடிக்கையாளருக்குக் கெஜட்டட் அதிகாரியின் கடிதத்தை ஏற்கும் ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கடிதத்தை வைத்து முழுக் கணக்கு தொடங்கினால் தணிக்கையில் மேலாளர் மாட்டுவார், அதனால்தான் தொடமாட்டார். வி.ஏ.ஓ. கடிதம் எந்தக் காலத்திலும் வங்கிக்குத் தனி ஆவணமாக இருந்ததில்லை. ஆனால் அதிகாரி கடிதம் வீணும் இல்லை, ஆதார் பதிவுக்கு உதவும். அதைப் பற்றி இ-சேவை ஆட்கள் சொன்னால் நல்லது.

---

பாகம் எண் 62 | 5 நவம்பர் 2024

ஓட்டு அட்டை பற்றி நான் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு உடனே புது விண்ணப்பம் போட வேண்டாம். அட்டை நனைந்துபோனால் பட்டியலில் இருக்கிற பெயர் நனையாது. முதலில் கூடலூர் தொகுதிப் பட்டியலில், அந்தக் குடியிருப்பின் பாகத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைக்காது. மாதன், காளன், வெள்ளச்சி என்று ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தமிழில் "வெள்ளச்சி" என்றிருப்பது ஆங்கிலத்தில் நாலு விதமாக ஏறியிருக்கும். கணவர் அல்லது தகப்பனார் பெயரையும் வீட்டு எண்ணையும் வைத்து, அச்சிட்ட பட்டியலில் வரி வரியாகப் பாருங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் அந்தப் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோதான் அந்த வேலையைப் பார்ப்பார்.

பெயர் இருந்தால் படிவம் 8, மாற்று அட்டைக்கு. பெயர் இல்லாவிட்டால்தான் படிவம் 6. இருக்கிற பெயரைத் தேடாமல் படிவம் 6 போட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவாகி, விசாரணையில் இரண்டும் தொங்கும்.

வயதுச் சான்று இல்லாததற்காகப் பயப்பட வேண்டாம். அறுபது வயதுக்காரரைப் பார்த்து பதினெட்டு ஆகிவிட்டதா என்று யாருக்கும் சந்தேகம் வரப்போவதில்லை. அலுவலர் நேரில் வந்து விசாரித்து எழுதுவார். அவர் வரும் நாளில் அம்மா குடியிருப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்ட வேலைக்குப் போயிருந்தால் "முகவரியில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். விண்ணப்பம் திரும்புவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் அதுதான்.

மருமகளுக்கும் படிவம் 8-தான். ஊர் மாறிய பிரிவில் டிக் செய்ய வேண்டும். மாநிலம் மாறினாலும் இதே படிவம். பழைய கேரள அட்டை எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். புதிதாகப் படிவம் 6 போடக்கூடாது.

2024-இல் வாக்காளர் பட்டியல் சுருக்கத் திருத்தம் நவம்பர் 28 வரை நடந்தது. முகாம் நடக்கும் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடியிலேயே படிவம் வாங்கிக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது. ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்காமல் நகராதீர்கள். பழைய லெட்ஜர் சொன்ன "விண்ணப்பித்த சான்று" அந்தத் துண்டுச்சீட்டுதான். சந்தேகத்துக்கு 1950.

---

இ-சேவை ஜன்னல் | 5 நவம்பர் 2024

மகன் கதைதான் இருக்கறதுலயே சுலபம். எண் மறந்து, போனும் இல்லாட்டி வீட்டுல உட்கார்ந்து ஆன்லைன்ல எடுக்க முடியாது, ஓ.டி.பி. எங்கேயோ போகும். ஆதார் பதிவு மையத்துக்கு அவரை நேர்ல கூட்டிட்டுப் போங்க. பெயர், ஆணா பெண்ணா, பின்கோடு, இதைப் போட்டு விரலோ கண்ணோ வெச்சா பழைய பதிவைத் தேடிப் பிரின்ட் எடுத்துக் கொடுப்பாங்க. தப்பித்தவறி "புதுசா எடுத்துடலாம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஏற்கெனவே இருக்கிற ரேகையோட மோதி நிராகரிச்சிடும், மாசக்கணக்கு வீணாப்போகும். அப்படியே புது போன் நம்பரையும் ஏத்திடுங்க.

விரல் விஷயத்துக்கு வர்றேன். தேயிலை பறிக்கிறவங்க, குருமிளகு உருவுறவங்க கையில ரேகை தேஞ்சிருக்கும். கொழுந்துக் கறை ரேகை இடுக்குல கருப்பா ஏறியிருக்கும். போதாக்குறைக்கு மார்கழிக் குளிர்ல தோல் வறண்டு வெடிச்சிருக்கும். மெஷின் மூணு தடவை பார்த்துட்டு "பொருந்தவில்லை"ன்னு சொல்லிடும். வேலைக்குப் போன நாள்ல சாயந்திரம் கூட்டிட்டு வராதீங்க. லீவு நாள் காலையில, வெந்நீர்ல சோப்பு போட்டுக் கழுவி, துடைச்சு, ரெண்டு நிமிஷம் கையைச் சூடுபறக்கத் தேய்ச்சுட்டு வைக்கணும். எண்ணெய் தடவாதீங்க, கண்ணாடியில வழுக்கிப் படம் கலங்கும். முதல்ல கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்க. பெருவிரலும் ஆள்காட்டியும்தான் அதிகம் தேயும், அதனால மோதிர விரலையும் சுண்டு விரலையும் முயற்சி பண்ணச் சொல்லுங்க. அதுவும் ஆகலையா, கண் கருவிழி.

அம்மாவுக்குப் புதுப் பதிவு. ஆவணம் இல்லாதவங்களுக்கு ஆதார் ஆணையத்தோட சான்றுப் படிவம் ஒண்ணு இருக்கு, ஒரே பக்கம். தாசில்தார் கையெழுத்துன்னா தகராறு கம்மி. போட்டோ ஒட்டி, அதிகாரியோட கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோ மேல, பாதி காகிதத்து மேல விழணும். போட்டோவுக்கு வெளியில மட்டும் குத்தினா செல்லாது. அடிச்சுத் திருத்தியிருந்தாலும் செல்லாது, வெள்ளை மை தடவினா சொல்லவே வேண்டாம். தேதி போட்ட நாள்ல இருந்து 3 மாசம்தான் உயிர். வாங்கி வெச்சுட்டு மழை விடட்டும்னு இருந்துடாதீங்க.

18 வயசுக்கு மேல முதல் தடவை எடுக்கிறவங்களோட விண்ணப்பம் மாநில அரசு சரிபார்ப்புக்குப் போய்த்தான் வரும். மாசங்கள் ஆகும். எல்லா மையத்துலயும் பெரியவங்களுக்குப் புதுப் பதிவு எடுக்கவும் மாட்டாங்க, போறதுக்கு முன்னால 1947-ல கேட்டுக்குங்க. அதனாலதான் ஓட்டு அட்டையை முதல்ல போடுங்கன்னு நானும் சொல்றேன். ஆதார் பின்னாலயே வரட்டும்.

பிறந்த தேதி தெரியாட்டி உத்தேச வயசுன்னு பதியலாம். இஷ்டத்துக்கு ஒரு தேதியைச் சொல்லிடாதீங்க. பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்த முடியும், பெயரை ரெண்டு தடவை. ஆதார் பதிவுச் சீட்டு கையில வந்ததும் ஆங்கில எழுத்தை ஒவ்வொண்ணா வாசிச்சுப் பாருங்க. ஓட்டு அட்டையில எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். வங்கியில இந்த ஒரு எழுத்துலதான் எல்லாம் நிக்கும்.

---

பழைய லெட்ஜர் | 6 நவம்பர் 2024

மகனுடைய நூறு நாள் அட்டையைப் பற்றி ஒன்று. விதியில் "மாநில அரசு அலுவலர் கையெழுத்து" என்றிருக்கிறது. ஊராட்சித் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அரசு அலுவலர் அல்ல. அவர் கையெழுத்து மட்டும் உள்ள அட்டையை வங்கி திருப்பினால் அதில் தப்பில்லை. கூடலூர் ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டால் ஆதார் கிடைக்கும்வரை காத்திருக்காமல் முழுக் கணக்கே தொடங்கலாம். அட்டையில் குடும்பத்தார் பலர் பெயர் இருக்கும். அவர் பெயரும் படமும் தெளிவாக இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நெல்லியாளம் நகராட்சிக்குள் வரும் குடியிருப்புகளுக்கு இந்த வழியே இல்லை. நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான்.

மருமகளின் கேரள வாக்காளர் அட்டை இந்தியா முழுக்கச் செல்லும் அடையாளம். சிக்கல் முகவரியில்தான். அட்டையில் இப்போதைய முகவரி இல்லாவிட்டால் மின்கட்டண ரசீது (2 மாதத்துக்குள்ளானது), வீட்டு வரி ரசீது போன்றவற்றைத் தற்காலிகமாக ஏற்பார்கள். 3 மாதத்துக்குள் புது முகவரி உள்ள ஆவணம் தர வேண்டும். ஆனால் ரசீது மாமியார் பெயரில் இருந்தால் மருமகளுக்கு உதவாது. அவருக்குப் படிவம் 8-ஐ முதலில் முடிப்பதே மேல்.

எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேரம்பாடி, கொளப்பள்ளிப் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பில் இருந்தால் அந்த ஒதுக்கீட்டுக் கடிதமே முகவரிக்குச் செல்லும், அரசு நிறுவனம் என்பதால். தனியார் எஸ்டேட் என்றால் அந்தக் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதாக இருந்தால் மட்டும். துரை (எஸ்டேட் மேலாளர்) கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் எதற்கும் ஆகாது.

---

குந்தா மேடு | 6 நவம்பர் 2024

ஒன்றை யாரும் சொல்லவில்லை. கணக்கு எதற்கு என்று கேட்டுவிட்டு வழி சொல்ல வேண்டும்.

நூறு நாள் கூலி என்றால், 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பட்டுவாடாதான். கணக்கு இருந்தால் மட்டும் போதாது. ஆதார் எண் அந்தக் கணக்கோடு இணைந்து, என்.பி.சி.ஐ. (தேசியக் கொடுப்பனவுக் கழகம்) பட்டியலிலும் ஏறியிருக்க வேண்டும். பாஸ்புக்கில் ஆதார் எண் இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவார்கள். அது வேறு, இது வேறு. "டி.பி.டி.க்கு (அரசுப் பணம் நேரடியாக வர) இணைத்துவிடுங்கள்" என்று தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும்.

பழங்குடிக் குடும்பங்களுக்கு முக்கியமானது பிரதமர் ஜன்மன் வீடு, மிகவும் நலிந்த பழங்குடிகளுக்கான மத்திய அரசுத் திட்டம். பணியர் அந்த நலிந்த பழங்குடிகள் பட்டியலில் இருப்பவர்கள்தான். உதவித்தொகை 2 லட்சம், தவணை தவணையாக வரும். இது சிறு கணக்கில் வந்தால் என்ன ஆகும்? அரசு மானியம் என்பதால் இருப்பு வரம்பைத் தாண்டி உள்ளே வந்துவிடும். ஆனால் எடுக்கும் வரம்பு மாதம் 10,000 அப்படியே நிற்கும். அஸ்திவாரம் தோண்டி, கல்லும் சிமென்டும் இறக்கியாகிவிட்டது, கடைக்காரர் வாசலில் நிற்கிறார், பணம் கணக்கில் இருக்கிறது, எடுக்க முடியாது. வீடு யார் பெயரில் வருகிறதோ அவருக்குத்தான் முதலில் முழுக் கணக்கு வேண்டும். உங்கள் வீட்டில் வீடு அம்மா பெயரில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஓட்டு அட்டை வேலையை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

---

சேரங்கோட்டான் | 7 நவம்பர் 2024

எல்லோருக்கும் நன்றி. வீடு அம்மா பெயரில்தான் பட்டியலில் இருக்கிறது, முதல் தவணை இன்னும் வரவில்லை. படிவம் 8-க்கு இந்த வாரமே போகிறோம்.

இரண்டு சந்தேகம். மேலாளரும் முடியாது என்றால் அடுத்து எங்கே? கைநாட்டு வைப்பவருக்கு நாமினி போடுவதில் ஏதாவது தனி முறை உண்டா?

---

பழைய லெட்ஜர் | 7 நவம்பர் 2024

வாயால் "முடியாது" என்றால் அதற்குத் தடயம் இல்லை. "சிறு கணக்கு தொடங்கக் கோரிக்கை" என்று ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு, இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் வங்கி முத்திரை வாங்குங்கள். பாதிப் பேருக்கு அந்த முத்திரை கேட்டவுடனேயே கணக்கு தொடங்கிவிடும். மறுத்தால் ஊட்டியில் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் அந்த நகலோடு மனு. நீலகிரிக்கு முன்னோடி வங்கி கனரா வங்கி, ஆனால் எந்த வங்கியின் கிளை பற்றியும் அவரிடம் சொல்லலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பொறுக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். 14448-ல் விவரம் கேட்கலாம், புகாருக்குக் கட்டணம் இல்லை.

நாமினிக்கு: கையெழுத்துப் போடுபவருக்குச் சாட்சி வேண்டாம். கைநாட்டுக்கு இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். நீங்களும் இன்னொருவரும் உடன் போய்விடுங்கள், இல்லாவிட்டால் "அப்புறம் போட்டுக்கலாம்" என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். எந்தக் கைப் பெருவிரல் என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு பணம் எடுக்கும்போதெல்லாம் அதே விரல்தான். மை அதிகமாகத் தோய்ந்தால் ரேகை அடைந்து கரும்புள்ளியாகிவிடும். விரலைப் பட்டையில் தொட்டு, பழைய தாளில் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டு, படிவத்தில் அழுத்தாமல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் உருட்ட வேண்டும்.

பாஸ்புக் வாங்கியதும் தொடங்கிய தேதியைப் பாருங்கள். அதிலிருந்து பதினோராவது மாதத்தில், படிவம் 8 ஒப்புகைச் சீட்டின் நகலோடு நீட்டிப்பு மனு கொடுத்துவிட வேண்டும். அதற்குள் அட்டையே வந்துவிட்டால் மனு வேண்டாம், அட்டையின் அசலையும் நகலையும் எடுத்துப் போய் முழுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். தானாக மாறாது.

---

இ-சேவை ஜன்னல் | 8 நவம்பர் 2024

அந்த ஒப்புகைச் சீட்டை லேமினேட் பண்ணிடாதீங்க அண்ணா. அதே கூரைதானே, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு அரிசிப் பானைக்குள்ள வெச்சாப் போதும். மெஷின்ல அடிச்ச வெப்பத்தாள் சீட்டா இருந்தா, சூடு பட்டு மொத்தமும் கருத்துப்போயிடும், எழுத்தே இருக்காது. வாங்கின அன்னைக்கே ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும்.